லாஸ்ட் நேம் கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலேஜ் ப்ராஜெக்டுக்காக, ஆபீஸ்ல சம்பளம் போடற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் ஒண்ணு எழுதி முடிச்சுட்டேன். முதல் ஆளா என் பேரையே அடிச்சேன். லாஸ்ட் நேம் கட்டத்தை மட்டும் காலியா விட்டேன். ஏத்துக்கல. காலியா இருந்தா விடாதேன்னு எழுதினதே நான்தான்! எனக்கே எரிச்சலா வந்துது.

கல்யாணத்துக்கு அப்புறம் அந்த இடத்துல அவர் பேரைத்தான் போட்டுட்டிருந்தேன். இந்தத் தடவை உங்க பேரைப் போட்டேன். உடனே ஏத்துக்கிச்சு. ப்ரொஃபசர் பார்த்துட்டு, வேலைக்கு அப்ளை பண்ணச் சொன்னார்.

இப்போ அவர் வீட்டை விட்டு வந்து, ஜெர்சி சிட்டில, கூடப் படிக்கிற ரோஷினியோட இருக்கேன். நல்லா சாப்பிடறேன், தூங்கறேன். அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க.

பதில் போடும்போது கவர்ல என் பேருக்குப் பின்னாடி உங்க பேரையே எழுதுங்க. மெயில்பாக்ஸ்லயும் அப்படித்தான் ஒட்டியிருக்கேன்.

உங்க பொண்ணு