சிங்க்குக்கு அடியில் ஒரு சத்தம்

மார்ச் 9, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். ஒரகடம் ரோட்டில் லாரி நெரிசல். ஷிப்டுக்குத் தாமதம்.

சிங்க்குக்கு அடியில் உள்ள கழிவு அரைக்கும் மிஷின் கடகடவென்கிறதாம். எங்களுக்கு முன் குடியிருந்த கொரியாக்காரர் மாட்டிவிட்டுப் போனது. என் மனைவி ஜெசிந்தா போன வாரத்திலிருந்தே சொல்கிறாள். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீயா எதையாவது கெளப்பாத" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 10, செவ்வாய்
கீழ் வீட்டுக்காரர் படிக்கட்டில் மடக்கினார். "இன்னா சார், உங்க வூட்ல கருங்கல்லு அரைக்கிறீங்களா? எங்க கிச்சன் வரைக்கும் கேக்குது." சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

கீழ் வீடு வரைக்கும் கேட்கிறது. பக்கத்திலேயே நின்ற எனக்குக் கேட்கவில்லை. எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

மார்ச் 11, புதன்
பிரஸ் ஷாப், கம்பெனியில் தகடு அழுத்தும் இடம். கூட வேலை செய்யும் கண்ணன் தோளைத் தட்டினான். "ண்ணா, எவ்ளோ நேரமா கூப்ட்டுகினே கீறேன், திரும்பவே மாட்டேன்றியே!" பிரஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அப்போது டீ டைம். பிரஸ் எல்லாம் நின்றிருந்தது. அவன் டீயை நீட்டினான்.

இயர் பிளக் எங்கள் எல்லோர் கழுத்திலும் கயிற்றில் தொங்கும். சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் மட்டும் காதுக்குள் போகும். அடைத்துக்கொண்டால் மிஷின் என்ன சொல்கிறதென்று தெரியாது என்பது எங்கள் வாதம். தகட்டை வெட்டும் டை தேய்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் ஒரு கெத்து. "கழுத்துலயே தொங்கவிட அது என்ன ஜெபமாலையா?" என்று ஜெசிந்தா எத்தனை முறை திட்டியிருக்கிறாள். அவள் பேச்சை மதித்திருக்கலாம். முட்டாள் நான்.

மார்ச் 13, வெள்ளி
தவக்கால வெள்ளி. கஞ்சி, தேங்காய்த் துவையல். சிலுவைப்பாதைக்கு அவள் மட்டும் போனாள். கால் வலி என்று சொல்லிவிட்டேன். போன வாரம் கரண்ட் போய் சாமியார் மைக் இல்லாமல் பேசினார், ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் காது டெஸ்ட். தேறாவிட்டால் ஸ்டோர்ஸ் பக்கம் தள்ளிவிடுவார்கள். அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

வாங்க: டார்ச் பேட்டரி, ஆலன் கீ, சேமியா.

மார்ச் 15, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் வேலையில் இறங்கினேன். மெயின் ஆஃப். டார்ச், இடுக்கி. உள்ளே புளியங்கொட்டைகள், பந்து போல முருங்கைக்காய் நார். எல்லாம் எடுத்தாயிற்று. அடியில் உள்ள துளையில் ஆலன் கீயை விட்டுச் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது. மெயினைப் போட்டு, தண்ணீரைத் திறந்து, ஜெசிந்தாவை ஸ்விட்சைப் போடச் சொன்னேன். எனக்கு முன்பு போலவேதான், ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"போயிடுச்சா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எனக்கு நேர் எதிரே குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக:

"சுத்தமா போயிடுச்சுங்க. நீங்க கை வெச்சா சும்மாவா?"

என் கை அப்போது மிஷினின் மேல்தான் இருந்தது. மிஷின் முழுக்க உதறிக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது. இந்த உதறலுக்கு வீடே அதிர்ந்திருக்கும். அவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு" என்றேன்.