அப்பாவின் சின்னக் கையும் என் துவக்கும்

என் ஆசை அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டாகப் போகிறது. பகலில் எழுதத்தான் நினைத்தேன், வாணி விட்டால்தானே! உங்கள் பேத்திக்குப் பதினான்கு மாதம். பேனையைக் கண்டால் வாய்க்குள் வைக்கிறாள். உங்களைப் பற்றிய அந்தத் தந்தி வந்தபோது அவள் என் வயிற்றில் எட்டு மாதம். விமானத்தில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். அதை இன்றைக்கு எழுதப்போவதில்லை. இன்றைக்கு நல்ல செய்தி.

இங்கே நம் ஆட்கள் சேர்ந்து அச்சடிக்கும் சிறு மலருக்கும் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். காரணம் இருக்கிறது. வவுனியாக் கந்தோரில் வேலையாய் இருந்த காலத்தில், பன்றிக்கு என்று ஒரு துவக்கு வாங்கி, ஒரேயொரு தரம் சுட்டு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயை ஓட்டையாக்கினீர்களே, அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது மெல்பேர்னில்தான். "பிடி பெரிசு, எனக்குக் கை சின்னன். அதுதான் தவறிப்போச்சு" என்றீர்கள். யார் நம்பினோம்? அம்மாவே நம்பவில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும்.

அப்பா, நான் துவக்குச் சுடுகிறேன்.

பயப்படாதீர்கள், உயிருள்ள எதையும் இல்லை. வெரிபீயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோவாத் தோட்டம். அதற்கும் அப்பால் ஒரு வெளி. அங்கே ஒரு மெஷின் செம்மஞ்சள் தட்டுகளை ஆகாயத்தில் வீசும், நாங்கள் சுடுவோம். அயல்வீட்டுக்காரி, பெட்டி என்று பெயர், அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். வாணி பிறந்த பிறகு நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டதே குறைவு. காற்றுக்குப் பயம், கொதிக்கிற கேத்தலுக்குப் பயம். பிள்ளை தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். நான் யாருடைய மகள்? படுக்கப்போகுமுன் வாசல் தாழ்ப்பாளை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர் யார்? ஆனால் இங்கிலீசில் "புல்", இழு என்று கத்தியவுடன் தட்டு எழும்பும் அந்த நொடியில் எனக்கு ஒரு பயமும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

எனக்கென்று உங்கள் மருமகன் நாதன் பழைய பம்ப் துவக்கு ஒன்று வாங்கித் தந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் இடக்கையால் முன்மரத்தைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். கராஜில் இரும்பு அலுமாரிக்குள் துவக்கு. தோட்டா வேறு பெட்டியில். இரண்டு பூட்டின் திறப்பும் என்னிடம். எத்தனை தரம் பூட்டைப் பார்ப்பேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரச்சினை வலக்கைப் பிடியில். மொத்தமான மரம். எட்டிப் பிடித்தால்தான் விரல் விசையைத் தொடும். சுடும்போதெல்லாம் விசையைச் சுற்றியுள்ள இரும்பு நடுவிரலில் அடித்து, விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. வாணியின் நப்பித் துணி பிழிய முடியவில்லை. நாதன், "விடுமப்பா. பேசாமல் பின்னல் பழகும்" என்றார். அன்று பின்னேரம் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். இதையும் விட்டால் திரும்பவும் கேத்தலும் நானும்தான்.

ஃபுட்ஸ்கிரேயில் ஜோ என்று ஓர் இத்தாலியர் துவக்குத் திருத்துகிறார். பின்மரத்தை ஒரு நீண்ட ஆணி பிடித்திருக்கிறதாம். கழற்றிவிட்டு வேறு பிடி பூட்டலாமாம். "அளவெடுக்கக் கையைக் கொண்டு வா" என்றார் போனில். வாணிக்குத் தடிமன், மூக்கொழுகல். அந்தக் காற்றில் அவளைக் கொண்டுபோகவும் மனமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. காகிதத்தில் கையை வைத்துக் கோடு கீறி நாதனிடம் கொடுத்துவிட்டேன். ஜோ திருப்பி அனுப்பிவிட்டார்: "இது விரிச்ச கை. விரிச்ச கையாலயோ உம்மட மனிசி துவக்குப் பிடிக்கிறவ?"

யோசித்தேன் அப்பா. பொத்திய கையின் அளவுக்கு என்ன செய்வது? சீனக் கடை அரிசிமா கிடந்தது. குழைத்து, இறுக்கி ஒரு பிடிக்கொழுக்கட்டை பிடித்து அவித்தேன். நாலு விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. ஒருவர் கடைக்கு வெறுங்கையோடு போகலாமா என்று சர்க்கரையும் பயறும் போட்டு இன்னும் பத்து அவித்து அதே டின்னில் வைத்து, "இஞ்சாருங்கோ, மேல இருக்கிறது அளவு" என்று சொல்லித்தான் விட்டேன்.

நாதன் வெறும் டின்னோடு வந்தார்.

"அளவு எங்க?"

"ஜோ சாப்பிட்டிட்டார்."

"நீங்கள் பாத்துக்கொண்டோ நிண்டனீங்கள்?"

"நாங்களே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு, வாய்க்க வைச்சதைப் பறிக்கிறதோ? முதல் கடியிலயே சொல்ல நினைச்சனான். பாவம், சீனியில்லாத அதை 'நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு' எண்டு சாப்பிட்டவர்."

வயிறு நோகச் சிரித்தேன். வாணியும் ஏனென்று தெரியாமல் சிரித்தாள். சிரித்த வேகத்தில், "சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் போவம்" என்று சொல்லிவிட்டேன்.

வாணிக்கு மூன்று சட்டை, இரண்டு தொப்பி போட்டுக் கொண்டுபோனேன். ஜோ மேசையில் மூன்று பிடிகள் வைத்தார். முதலாவது சித்திரம் வெட்டி மினுக்கியது. நாதன் அதையே தடவிக்கொண்டு நின்றார். என் கைக்கு அதுவும் மொத்தம். இரண்டாவது நேரான பிடி; மணிக்கட்டு நொந்தது. மூன்றாவது மெல்லியது, வளைந்தது, பக்கத்தில் ஒரு கீறல்.

"கண்ணை மூடிக்கொண்டு பிடி. பிடிச்சாப்பிறகு கையைத் திருத்தாதை. திருத்த வேண்டி வந்தால் அது உன்ர பிடி இல்லை" என்றார் ஜோ.

திருத்தவில்லை அப்பா. விரல் நுனி விசையில் தானாக விழுந்தது. நடுவிரலுக்கும் இரும்புக்கும் இடையில் இடம் இருந்தது. நாதன், "கீறல் விழுந்ததையோ எடுக்கப்போறீர்?" என்றார். அதைத்தான் எடுத்தேன்.

இதே பிழை எங்கள் அப்பாவுக்கும் வந்தது என்று பீப்பாய்க் கதையைச் சொன்னேன். ஜோ சிரிக்கவேயில்லை. "பெரிய கைக்காரருக்குச் செய்த பிடி. சின்னக் கையால பிடிச்சால் தவறத்தான் செய்யும். உன்ர அப்பா சரியாச் சொல்லியிருக்கிறார்."

கேட்டீர்களா? இருபது வருடம் நாங்கள் சிரித்தது வீண். நீங்கள் சொன்னது உண்மை. பிள்ளையாருக்கு நீங்கள் பிடித்த கொழுக்கட்டையெல்லாம் சின்னதாகவே இருக்குமே, அது ஏன் எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை? சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்றைக்குப் பெண்களுக்கான போட்டி. இருபத்தைந்து தட்டில் ஒன்பது உடைத்தேன். கடைசிக்கு முந்தின இடம்! விரல் வீங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பெட்டியின் தாயின் மடியில் வாணி, காதில் இறுகக் கட்டிய தொப்பியோடு, நான் சுடச் சுடக் கை தட்டுகிறாள். அவள் கையும் சின்னன்தான் அப்பா.

ஒரு வாக்குத் தருகிறேன். இன்றிலிருந்து பூட்டை இரண்டு தரம்தான் பார்ப்பேன். மூன்றாவது தரத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருந்தவரை, நான் எழுதிய கடிதத்துக்கு உங்கள் பதில் ஒருநாளும் பிந்தியதில்லை. கனவில் வந்தாலும் போதும். கெதியாகப் பதில் போடுங்கோ.

உங்கள் கையையே கொண்டு பிறந்த மூத்த மகள்,
ராணி