டாக்டரம்மா வீட்டுக்கு வரும் வியாழன்

அக்கா,

இன்று காலை பத்தேகாலுக்கு என் பழைய போனில் அலாரம் அடித்தது. 'அக்காவுக்கு வெந்நீர்' என்று திரையில் வந்தது. நீ போய் நான்கு மாதமாகிறது. மாதத்தின் இரண்டாவது வியாழனை அது மட்டும் இன்னும் மறக்கவில்லை. நானும் பழக்கத்தில் எழுந்து போய் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டேன். கொதிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் யாருக்கு என்று உறைத்தது. அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு முடக்குவாதம் வந்து ஏழு வருடம். மந்தைவெளியில் நம் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. ஒரு தடவை இறங்கி ஏறினால் உன் முழங்கால் இரண்டு நாளைக்கு எழவிடாது. அதைப் பார்த்துத்தான் மூட்டு டாக்டரம்மா, மாதாமாதம் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் நேரில் வந்தால் போதும் என்றார். நேரில் போகும் முறை வரும்போதெல்லாம் நீ ஒரு சாக்கு வைத்திருந்தாய்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் நீ உள்ளபடி இருப்பாய். நைந்த புடவை, வீங்கிய விரல், "முடியலம்மா" என்ற புலம்பல், எல்லாம் உண்டு. போன் வழியாக டாக்டரம்மா வீட்டுக்குள் வரத் தொடங்கியதும் ஆளே மாறிப்போனாய். கூடத்தைப் பெருக்கச் சொல்வாய், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வாய். வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டு, அரைமணி நேரம் கையை வெந்நீரில் வைத்து, பவுடர் பூசி, சுங்குடிச் சேலையில் உட்காருவாய்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்டுக்கு வந்தவங்களாண்ட அழுதுகினா இருப்பாங்க? நீ போனை நேரா புடி."

பிடித்தேன். விரலை மடக்கிக் காட்டச் சொன்னால் டக்கென்று மடக்கினாய். காலையில் பேஸ்ட் மூடியைத் திறக்க முடியாமல் என்னைக் கூப்பிட்ட அதே விரல்கள். "பரவாயில்லையே, நல்லா இருக்கே" என்று டாக்டரம்மா சிரிப்பார். நீ பரீட்சையில் தேறியவள் போல என்னைப் பார்ப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் சிரித்து வைத்தேன்.

பிறகு அந்த வறட்டு இருமல் வந்தது. குளியலறை வரை நடந்தாலே உனக்கு மூச்சு வாங்கியது. வியாழன் வந்தால் ஒரு துண்டு சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்வாய். அந்தப் பத்து நிமிடமும் ஒரு இருமல் வராது. எப்படித்தான் அடக்கினாயோ, அக்கா.

ஒருநாள் மதியம், டாக்டரம்மாவுக்கு அனுப்பலாம் என்று, உனக்குத் தெரியாமல் உன் இருமலைப் போனில் பதிவு செய்தேன். நீ பார்த்துவிட்டாய்.

"அத்த அனுப்பிச்சேன்னு வெச்சுக்கோ, அப்பால உங்கூட பேச மாட்டேன்."

அனுப்பவில்லை. அடுத்த வியாழன் டாக்டரம்மா தானாகவே கேட்டார்: "இருமல், மூச்சு வாங்கறது, ஏதாவது இருக்கா?" நீ இல்லையென்று தலையாட்டினாய். உன் கண் போனுக்கு மேலாக என்னையே பார்த்தது. போனுக்குப் பின்னால் நிற்பவளை அவரால் பார்க்க முடியாது. எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

"எதுக்கும் நேர்ல வந்து நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடுங்க" என்றார். பொங்கல் போகட்டும் என்றாய்.

பொங்கலுக்கு முன்பே உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படியிறக்கினார்கள். முடக்குவாதம் நுரையீரலையும் பிடிக்கும் என்பது எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் தெரிந்தது. எத்தனை நாளாக இருமல் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். ஐந்து மாதம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போன வாரம் தி.நகரில் புதுப் போன் வாங்கினேன். பழையதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் தேடிப் பார்த்தேன். கல்யாணம், கோயில் என்று உன் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. உன் குரல் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அந்த இருமலில். விடாமல் இருமுகிறாய். நின்றதும் என் பக்கம் திரும்பி, "இன்னாடி பண்ணிக்கினு கீற அங்க?" என்று கேட்கிறாய்.

ஒன்றும் பண்ணவில்லை, அக்கா. கடைசி வரைக்கும் ஒன்றுமே பண்ணவில்லை.