அந்த ஆபரேஷன் எதற்கு அம்மா?

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? நீ பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறாயா?

போன வாரம் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கும்போது எனக்கு அடிவயிற்றில் சுருக்கென்று வலித்தது. கூட வேலை செய்யும் அக்கா விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேனுக்காக வயிறுமுட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அதுதான் பெரிய சித்திரவதை. சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருக்கிறதாம். வெறும் நீர்க்கட்டியா, வேறு ஏதாவதா என்பது மாதக் கடைசியில் தெரியும். நீ கலங்காதே.

"உங்க அம்மாவுக்கு இந்த மாதிரி ஏதாவது இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ஐந்தாவது படிக்கும்போது உனக்கு ஆபரேஷன் நடந்ததே, "கல்லு எடுத்தாங்கடி" என்றுதான் சொன்னாய். உன் தழும்பு தொப்புளுக்குக் கீழே நீளமாக இருக்கிறது. கல்லுக்கு அங்கேயா வெட்டுவார்கள்?

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு பீரோவில் இருந்தால் அனுப்பு. இரண்டு பருத்தி உள்பாவாடையும் வேண்டும். இங்கே விற்பது இடுப்பை அறுக்கிறது. அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. அன்றைக்கு உனக்கும் இப்படித்தான் பயமாக இருந்ததா அம்மா?

உன் மகள்