என் மணிக்கட்டில் தங்கையின் வயது

பிப்ரவரி 6

காலையில் நீச்சல் குளம். இருபது தடவை போய் வந்தேன். வாட்ச் பதினெட்டு என்கிறது. எண்ணத் தெரியாதது நானா அதுவா? அதுதான்.

ஜூன் கடைசியில் ஏரியில் போட்டி. முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், அதை விட்டு இறங்கியதும் ஓட்டம். நடுவில் யாரும் நாற்காலி போட்டு வைத்திருக்கமாட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர், "நாப்பத்திநாலு வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்றார். "நாப்பத்தஞ்சு ஆகறதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான்" என்றேன். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று அர்த்தம்.

வாட்ச் குட்டியுடையது. என் தங்கை. இந்த மாதிரிப் போட்டிகளில் மேடையேறிப் பரிசு வாங்கியவள். போன வருஷம் ரவுண்டானாவில் ஒரு வேன் இடித்துச் சைக்கிளோடு விழுந்தாள். தோளுக்குப் பக்கத்தில் எலும்பு முறிவு. அன்றிலிருந்து எங்கள் வீட்டு உள்ளறையில் இருக்கிறாள், லேப்டாப்பிலேயே வேலை. எலும்பு ஒட்டிவிட்டது. அவள்தான் இன்னும் எதோடும் ஒட்டவில்லை. நான் பெயர் கொடுத்ததைக் கேட்டதும் வாட்ச்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "நீ வச்சுக்க. எனக்கு வேணாம்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 11

நீச்சல் முடிந்ததும் வாட்ச்சில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும்; அப்போதுதான் அது சைக்கிள் கணக்குக்கு மாறும். மறந்துவிட்டேன். செயற்கைக்கோள்கள் எல்லாம் சேர்ந்து பார்த்துச் சொல்கின்றன: நான் இன்று பைபாஸ் ரோட்டில் பெட்ரோல் பங்க் வரைக்கும் நீந்தியிருக்கிறேன். உலக சாதனை.

பிப்ரவரி 24

ஓட ஆரம்பித்தால் போதும், மணிக்கட்டில் குத்துகிறது. 'வேகம் போதாது.' கூட்டினால், 'இன்னும்.' மாமியார் இல்லாத வீட்டுக்கு இது ஒன்று வந்து வாய்த்திருக்கிறது. விடுவேனா? கெண்டைக்கால் கல்லாக இருக்கிறது. பரவாயில்லை. கல்லும் நடக்கும்.

மார்ச் 4

கல் நடக்கவில்லை. குளத்துப் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் வந்தார் — எப்போதும் வாயில் விசில் இருப்பதால் எங்களுக்கு அவர் 'விசில்' — வாட்ச்சைக் கழற்றிச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

"அக்கா, இதுல உங்க வயசு முப்பத்தொண்ணு."

குட்டியின் வயது, குட்டியின் எடை, குட்டியின் இதயத் துடிப்பு. ஒரு மாதமாக அவளை விரட்ட வேண்டிய வேகத்தில் அது என்னை விரட்டியிருக்கிறது. நானும் ஓடியிருக்கிறேன்! விசில் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கென்னவோ பெருமையாகத்தான் இருந்தது.

வயதை மாற்ற அவளுடைய போனில்தான் முடியுமாம். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்சில் இருப்பதெல்லாம் அதற்குப் போய்விடுமாம். அப்படியென்றால் இத்தனை நாளும்... பார்த்திருக்க மாட்டாள். அதைத் தொடவே பிடிக்காமல் தூக்கிக் கொடுத்தவள்.

மார்ச் 5

பார்த்திருக்கிறாள்.

சாப்பிடும்போது வயதை மாற்றச் சொன்னேன். சரி என்றாள். தட்டைப் பார்த்தபடியே, "ரவுண்டானா வந்தா நீ ஏன் சைக்கிள விட்டு எறங்கிடற?" என்றாள்.

"நான் எங்க எறங்கறேன்?"

"தெனமும். அந்த எடத்துல மட்டும் வேகம் நடக்கற மாதிரி விழுது."

"டிராஃபிக்."

"காலைல அஞ்சரைக்கா?"

வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஊரில் எல்லாருக்கும் தைரியம் சொல்கிறவள் நான். அந்த வளைவு வந்தால் மட்டும் கை தானாக பிரேக்கைப் பிடிக்கிறது. ரோட்டில் கிடந்த அவள் செருப்பை எடுத்தவள் நான்தானே.

மார்ச் 6

வயதை மாற்றிவிட்டாள். நாற்பத்தைந்து போட்டிருக்கிறாள். இன்னும் நாலு மாதம் இருக்குடி!

மார்ச் 22

முதல்முறையாக ஏரியில். அம்பு மாதிரிப் போய் அம்பு மாதிரி வந்தேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். ராத்திரி குட்டி போனோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் நீந்திய பாதை வரைபடத்தில் இருந்தது. மேயப் போன ஆடு இதைவிட நேராகப் போகும்.

"பாதி தூரம் சும்மா நீந்தியிருக்கக்கா. தண்ணிக்குள்ளயே பாத்தா கரை எப்படித் தெரியும்? ஏழெட்டு கை போட்டதும் கண்ண மட்டும் மேல தூக்கு. அந்தப் பக்கம் தண்ணி டேங்க் இருக்குல்ல, அதையே குறியா வச்சுக்க."

கையை வீசிக் காட்டினாள். வலது கை. உடைந்த பக்கத்துக் கை. அவளுக்கே அது தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இது தலைப்புச் செய்தி.

ஏப்ரல் 3

பல்செட் செய்யும் எங்கள் லேபில் ஒரே வேலை. ஏழு பல்செட். கீழ்த்தாடை ஒன்றைப் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருக்கும்போது வாட்ச் அதிர்ந்தது: 'நகருங்கள்.' கை நகர்ந்தது. பல்செட் பறந்து போய் மெழுகில் பல் பதிக்கும் பெரியவர் மடியில் விழுந்தது. "கடிக்க வருதும்மா" என்றார். இனி லேபில் வாட்ச் பைக்குள்.

ஏப்ரல் 26

இன்று எழுத்து கோணல்.

இப்போதெல்லாம் நீண்ட தூரம் போகும்போது என் போனையும் எடுத்துப் போகிறேன்; குட்டி வாட்ச்சை அதோடும் இணைத்துவிட்டாள். நான் எங்கே போகிறேன் என்று குட்டி வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அவள் அனுப்பும் செய்தி என் மணிக்கட்டில் வரும். 'குனிஞ்சு ஓட்டு', 'தண்ணி குடி' — இப்படி. அதிகாரம்தான். வளர்த்தவள் அனுபவிக்கிறேன்.

இன்று ரவுண்டானா. வழக்கம்போல பிரேக். கால் தரையில். வாட்ச் அதிர்ந்தது.

'எறங்காத. இடது ஓரமா வா. நான் பாத்துட்டிருக்கேன்.'

அங்கே விழுந்தது யாரு? நானா அவளா? பயந்து நிக்கிறது யாரு? என்ன ஜென்மம்டி நான்! ரோடு காலியாகத்தான் இருந்தது. ஏறினேன். மிதித்தேன். வளைந்தேன். தாண்டிவிட்டேன். தாண்டிய பிறகு பேக்கரி வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு மூச்சு அழுதேன். ஷட்டரைத் தூக்க வந்த பேக்கரிக்காரர், "பஞ்சரா?" என்றார். "இல்லண்ணே, இப்பதான் சரியாச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்கிறாள். "பேக்கரிகிட்ட ஏன் நின்ன?"

"பன் வாங்க."

"பன் எங்க?"

மே 17

ஏரிக்கு வந்தாள். கரையில், கல் மேல், குடை பிடித்துக்கொண்டு. தண்ணீரில் கால் வைக்கவில்லை. நான் ஏன் என்று கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதற்கும் ஒரு மெடல் உண்டென்றால் நல்லது.

ஜூன் 28

முடித்தேன்.

தண்ணீரில் இறங்கியதும் யாரோ ஒருவரின் குதிகால் என் நீச்சல் கண்ணாடியில். தண்ணீர் உள்ளே போய் ஒரு கண் அவுட். மற்றொரு கண்ணுக்குத் தண்ணி டேங்க் தெரிந்தது, போதும். கரையேறும்போது வேலிக்கு அந்தப் பக்கம் குட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "பட்டன், பட்டன்." இதுவரை அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சைக்கிளில் பலரை முந்தினேன். ஓட்டத்தில் அவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னை முந்தினார்கள். கணக்கு நேராகிவிட்டது. கடைசித் திருப்பத்தில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டினேன், கேட்டது.

வீட்டுக்காரர் துண்டோடு நின்றார். "அடுத்த வருஷமும் உண்டா?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்தது பயம்தான். உண்டு என்றேன்.

ஜூலை 20

குட்டிக்கு வேறு ஊரில் வேலை. ஆபீசுக்குப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவளே தேடியிருக்கிறாள், எங்களுக்குத் தெரியாமல். "போகட்டுமாக்கா?" என்றாள். "போகாம? உள்ளறைக்கு ஆயுள் சந்தாவா கட்டியிருக்க?" என்றேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தேன்.

ஆகஸ்ட் 3

ரயில் ஏறிவிட்டாள். வாட்ச்சை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 29

காலையில் போன். மூச்சு வாங்கப் பேசினாள். ஆபீஸ் நல்லா இருக்கு, வீட்டு ஓனரம்மா ஓயாமல் பேசுகிறாள், மழை. நடுவில் மணிச் சத்தம், டிங் டிங். "கொஞ்சம் ஓரமா போங்க" என்று யாரிடமோ சொன்னாள்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ம், சொல்லுக்கா" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"ஒண்ணும் இல்ல. ரோட்டப் பாத்து ஓட்டுடி. போன வை."

சிரித்தாள். வைத்துவிட்டாள்.