செல்லாயிக்குப் பதில் ஆள்

ஐப்பசி 4, திங்கள்
விடாத மழை. பள்ளிக்கூடக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுகல். தபாலில் மேலாபீஸ் உத்தரவு: இனிக் கிராமப் பள்ளிகளில் தொழில் வழியாகத்தான் பாடம். மலைப் பள்ளிக்குத் தோட்ட வேலை. காலை முழுக்க மண். மதியம் ஒரு மணி நேரம் எழுத்து. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். மலை ஏறிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நாலாம் வகுப்பில் ஒரே ஆள், சடையன் மகள் செல்லாயி. பங்குனியில் பரீட்சை. தேறினால் இந்த ஊரில் நாலாவது தேறிய முதல் பெண். பாரஸ்டுக்காரர் ஒட்டிய நோட்டீசை அப்பனுக்குப் படித்துச் சொன்னாளாம். சடையனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி 6, புதன்
ஊரைக் கூட்டி உத்தரவைச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரய்யா, ஊட்டுக்கு ஒரு ஆளு வேலைக்கு வரோணும், அதானுங்களே?" ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். என் மடத்தனம்.

ஐப்பசி 7, வியாழன்
பெயர் கூப்பிட்டேன். "செல்லாயி."
"உள்ளேனுங்க."
நிமிர்ந்தால் சடையன், தோளில் மண்வெட்டி. பின்னால் இன்னும் பதினோரு பேர். எல்லாம் மீசை வைத்த மாணவர்கள்.

"பொது வேலைக்குப் புள்ளைய அனுப்புனா ஊரு காறித் துப்புமுங்க. தெம்பான ஆளுதான் வரோணும். எங்க மொறை அப்படீங்க."
"செல்லாயி எங்கே?"
"ஆட்டோட போயிருக்குதுங்க. நான் இங்க வந்துட்டா ஆட்டை ஆரு பாக்கறது?"
மதியம் எழுத்துக்காவது அனுப்பச் சொன்னேன். ஆடு பொழுது சாய்ந்துதான் திரும்புமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தேன், வெட்கங்கெட்டவன்.

ஐப்பசி 12, செவ்வாய்
உள்ளபடி எழுதினால் வருகை பூஜ்யம். பள்ளியை மூடிவிடுவார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் பேருக்கும் வருகை போட்டேன்.
காய்ச்சல், மூன்றாம் நாள். கொயினா மாத்திரை தீர்ந்தது. மலையைவிட்டுக் கீழே மாற்றல் கேட்டு நான் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. கசாயம் குடித்தேன். வாயெல்லாம் கசப்பு.

கார்த்திகை 20
பாத்திகள் அருமை. முள்ளங்கி, மொச்சை. செல்லாயியை ஓடைக்கரையில் பார்த்தேன். பாறை மேல் கரித்துண்டால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வகுத்தல். மீதி தப்பு. திருத்தாமல் வந்துவிட்டேன்.

மார்கழி 8
நாளை பள்ளியைப் பார்க்க டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார். செய்ய வேண்டியவை:
கூரைக்குப் புல்.
பாத்தி ஓரம் சுண்ணாம்பு.
பிள்ளைகளை வரச் சொல்ல.
உண்மையைச் சொல்ல.

மார்கழி 9
பனி. டோலியில் வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வேலியோரம் அப்பன்மார். தோட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். "இவ்வளவும் இந்தப் பிஞ்சுக் கைகளா ஐயா?"
செல்லாயி என் முகத்தையே பார்த்தாள்.
"ஆமாங்க" என்றேன். பயம். பள்ளியை மூடிவிடுவார்களே என்ற பயம் பாதி. புறப்படும்போது, "உம்முடைய மனு என் மேசையில்தான் இருக்கிறது" என்றார். மீதிப் பாதி அதுதான்.
அவர் எழுதிய குறிப்பு: திட்டம் மலையில் முழு வெற்றி. எழுத்து நேரத்தையும் தோட்டத்துக்கே தரலாம். இங்கே பரீட்சை வேண்டாம், தோட்டத்தை வைத்தே தேர்ச்சி.


தை 6
தபால். ஒரே உறையில் இரண்டு. என் மாற்றல் உத்தரவு. செல்லாயியின் தேர்ச்சிச் சீட்டு.
சடையனையும் அவளையும் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டாமல் படித்தாள்: "தோட்ட வேலையில் மிகச் சிறப்பு. நாலாம் வகுப்பு தேர்ச்சி." சடையன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சீட்டை மடிக்காமல் என்னிடமே நீட்டினாள்.
"இது எங்கப்பனுக்குங்க. அவருதான வெட்டுனாரு. பேரை மாத்திக் குடுங்க. நான் பங்குனியில பரீட்சை எழுதி வாங்கிக்கறேனுங்க."
ஆகட்டும் கண்ணு என்றேன்.