பஸ் நிற்கும் முக்கு

இன்று மதியம் காரின் கூரையிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றும்போது, வெயிலில் வெந்த ரப்பர் வாடை அடித்தது. கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் முக்கில் துப்பட்டாவால் வியர்வையைத் துடைத்தபடி நீ நின்றது நினைவுக்கு வந்தது.

நாம் இருவரும் இரண்டு வாடகைக் கார்களில் உட்கார்ந்து கழித்த மாதங்கள் அவை. பெரிய சாலையில் நான், குறுக்குச் சந்தில் நீ. ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு வண்டிகள், மோதிக்கொள்ளும் முன்னே தாமாகவே ரேடியோவில் எச்சரித்துக்கொள்ள வேண்டும்; அதுதான் நம் ஆராய்ச்சி. மூலைக் கட்டடம் மறைக்கும்போது அந்த சிக்னல் எவ்வளவு தேயும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கை உருவாக்கிக்கொண்டிருந்தோம். "திதி, இன்னும் எத்தனை தடவை?" என்று டிரைவர் உன்னை அக்கா முறை வைத்து வங்காளத்தில் அலுத்துக்கொள்வார். "இதுதான் கடைசி, தாதா" என்று நீயும் அவரை அண்ணனாக்கி மாலைவரை சொல்லிக்கொண்டிருப்பாய்.

முக்கில் பஸ் வந்து நின்றால் சிக்னல் அடியோடு விழுந்தது. அந்த அளவுகளைச் சேர்த்தால் நம் கணக்கு பொருந்தவில்லை. அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியிருந்தது. உன்னைக் கேட்காமல் அவற்றை அழித்துவிட்டேன்.

"பஸ் நிக்காத முக்கு கல்கத்தாவுல எங்கடி இருக்கு?" என்றாய். "நின்ன பஸ்ஸுக்குப் பின்னாலேருந்துதான் வண்டி வந்து இடிக்கும்."

"எனக்கு முடியலடி. இதோட விட்டுரு."

நீ சண்டை போடவில்லை. அறிக்கையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொன்னாய். எடுத்தேன். அதன்பின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பார்த்தேன். தலைமுடி கொட்டியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நீ கேட்டாய்: "பஸ் நின்னப்ப எடுத்த அளவெல்லாம் நெசமாவே அழிச்சிட்டியா?"

"இல்லடி. தனியா எடுத்து வச்சிருக்கேன்."

"அப்பாடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இந்தக் கோடை முழுக்க அந்த முக்கில் திரும்ப அளந்தேன். நீ உட்கார்ந்த இடத்தில் கருவி மட்டும் இருந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்து காத்திருந்து இடுப்பு போய்விட்டது. வேலை இன்று முடிந்தது. புதிய கணக்கு பழையதைப்போல அழகாக இல்லை, ஆனால் பஸ் நின்றாலும் ஏறக்குறையச் சரியாகச் சொல்கிறது. சந்தோஷப்படத்தான் தெம்பில்லை.

அளவுகள் இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அன்று இல்லை. நீ என் கையைப் பிடித்தது அந்தப் பொய்யை நம்பித்தான். அந்தப் பிடி இன்னும் விடவில்லை.